நாகவல்லி தேடிப்போன கையெழுத்து

கல்லலிலிருந்து காலை முதல் பஸ்ஸில் காரைக்குடிக்கு வேலைக்கு வந்துகொண்டிருந்த நாகவல்லிக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. நாங்கள் ரத்தம் கொடுக்கும் லேபில் பதினோரு வருஷம் அவள்தான் டெக்னீஷியன். சர்க்கரை பார்க்க மாசாமாசம் போகும் என்னையே ஒவ்வொரு தடவையும் பேர் சொல்லச் சொல்வாள். வெறும் வயிறுதானா என்று கேட்டுவிட்டு முகத்தை உற்றுப் பார்ப்பாள். இந்த ஊரில் காபியை யாரும் சாப்பாட்டில் சேர்ப்பதில்லை. நானும் ஒரு நாள் காபி குடித்துவிட்டு வெறும் வயிறு என்று சொல்லிப் பிடிபட்டு, ரத்தம் எடுக்காமலேயே திருப்பி அனுப்பப்பட்டேன். எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனாலும் வேறு லேபுக்குப் போக மனசு வரவில்லை.

லேப் டெக்னீஷியன்களும் இனி முறைப்படி பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று சட்டம் வந்தது. நல்ல சட்டம்தான், நான் குறை சொல்லவில்லை. அவளிடம் டிப்ளமோ இருந்தது. அனுபவச் சான்றில்தான் இழுபறி. அதில் அவளுடைய வேலையை மேற்பார்த்த டாக்டர் கையெழுத்துப் போட வேண்டும். லேபின் எல்லா ரிப்போர்ட்டிலும் டாக்டர் பூமிநாதன் கையெழுத்து இருக்கும், கம்ப்யூட்டரே அச்சடித்துவிடும். ஆரம்பத்தில் அவர் மாதம் ஒருமுறை வந்துபோனார். பிறகு கண் சரியில்லை, மதுரையிலிருந்தே பார்த்துக்கொள்கிறார் என்று லேப் முதலாளி கோபிநாத் சொன்னான்.

கையெழுத்து வாங்கித் தருகிறேன் என்று கோபிநாத் தாளை வாங்கி வைத்துக்கொண்டான். ஒரு வாரம் டாக்டர் ஊரில் இல்லை. அடுத்த வாரம் அவருக்குக் காய்ச்சல். மூன்றாவது வாரம் போன் எடுக்கவில்லை. நம்பரைக் கேட்டால் மழுப்பினான். பதிவு இல்லை என்று சாக்குச் சொல்லித் தன்னைக் கழற்றிவிட்டு, குறைந்த சம்பளத்துக்குப் புதுப் பெண் யாரையாவது வைக்கப் பார்க்கிறான் என்று அவளுக்குத் தோன்றியது. கடைசித் தேதிக்கு ஒரு வாரமே இருந்தது. பதிவு கிடைக்காவிட்டால் நாற்பத்தாறு வயதில் எந்த லேபும் அவளைச் சேர்க்காது. டாக்டரின் பழைய லெட்டர்பேடில் இருந்த விலாசத்தை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மதுரைக்குப் போனாள்.

கதவைத் திறந்தவர் டாக்டரின் மனைவி. வந்த காரியத்தைக் கேட்டுவிட்டு அவளை உள்ளே உட்காரவைத்தார்.

"அவுக தவறி மூணு வருஷமாச்சும்மா. லேப்புக்கு அப்பவே சொல்லி விட்டோமே."

முந்தின நாள் சாயங்காலம்கூட அந்தக் கையெழுத்தோடு நாற்பது ரிப்போர்ட் கொடுத்துவிட்டு வந்தவள் அவள். அதை அந்த அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை. அவமானமாக இருந்தது என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

திங்கட்கிழமை கேட்டபோது கோபிநாத் குரலைக்கூட உயர்த்தவில்லை.

"உங்க டெஸ்ட்டுல தப்பு வந்திருக்காக்கா? பெறகென்ன? வெளிய தெரிஞ்சா, மூணு வருஷமா ரிப்போர்ட்டை எடுத்துக் குடுத்தது யாருன்னுதான் மொதல்ல கேப்பாக."

சொல்லிவிட்டு மேசையிலிருந்து அவளுடைய சான்றை எடுத்து நீட்டினான். அதில் டாக்டர் பூமிநாதனின் கையெழுத்து இருந்தது. தேதி, போன வெள்ளிக்கிழமை.

அதை அனுப்பியிருந்தால் பதிவு கிடைத்திருக்கும். ஒருவருக்கும் தெரியாது. இரண்டு நாள் கைப்பையிலேயே வைத்திருந்தாள். மூன்றாம் நாள் வெள்ளைத்தாளில் எழுதினாள்: டாக்டர் இறந்து மூன்று வருஷமாகிறது, அதன்பின் மேற்பார்வைக்கு யாரும் இல்லை, அந்த ரிப்போர்ட்டுகளைக் கொடுத்தது நான்தான். கோபிநாத் கொடுத்த சான்றையும் அதோடு சேர்த்து, பதிவு செய்யும் அலுவலகத்துக்கே பதிவுத்தபாலில் அனுப்பினாள்.

விண்ணப்பம் விசாரணையில் இருக்கிறது என்று அவளுக்குப் பதில் வந்தது. ஐந்து மாதமாகக் கல்லலில் வீட்டில் இருக்கிறாள். அவள்மீது எனக்கு வருத்தம், கோபிநாத்மீது ஆத்திரம். அதைவிட, இத்தனை வருஷம் அந்தக் காகிதங்களை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு வந்த என்மீது ஆத்திரம்.

போன வாரம் வேண்டுமென்றே அந்த லேபுக்குப் போனேன். புதுப் பெண் ஒருத்தி பேர்கூடக் கேட்காமல் ரத்தம் எடுத்தாள். சாயங்காலம் ரிப்போர்ட் வாங்கினேன். அடியில் வேறொரு டாக்டரின் கையெழுத்து இருந்தது. அவரைப் பார்க்க வேண்டும் என்றேன். திருச்சியில் இருக்கிறார் என்றார்கள்.