வலது வரிசை எலிகள்

ஆராய்ச்சிக்கூடத்தில் எலிக்கூண்டு கழுவுகிறவரை எல்லோரும் எலி மாமா என்றே கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருஷமாக அதே வேலை.

அந்த முறை நாற்பது எலிகளின் முதுகில் காசளவு தோலை வெட்டியெடுத்தார்கள். இடது வரிசைக்குப் புதிதாகச் செய்த துத்தநாகக் களிம்பு. வலது வரிசைக்கு ஒன்றுமில்லை. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமாம். என்ன கண்றாவி நியாயமோ. கூண்டு கழுவும் சாக்கில் மாமா தினமும் வலது வரிசைக்கும் களிம்பைத் தடவிவிட்டார்.

"எப்படியும் கொல்லத்தான் போறாங்க. அதுவரைக்குமாவது வலியில்லாம இருக்கட்டுமே" என்றார் மனைவியிடம்.

பதினைந்தாம் நாள் எல்லாப் புண்ணும் ஆறியிருந்தது. அவருக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. வழக்கப்படி நாற்பதையும் கொன்று தோலைச் சோதித்தார்கள்.

ஆராய்ச்சி செய்யும் பெண் சோர்ந்துபோய் வந்தாள். "ரெண்டு வரிசையும் ஒரே மாதிரி ஆறியிருக்கு மாமா. மருந்து வேலை செஞ்சுதான்னே சொல்ல முடியல. மொத்தமும் வீண், திரும்பச் செய்யணும்."

"எத்தனை எலிம்மா?"

"இன்னும் நாப்பது. நாளைக்கு வருது, கூண்டக் கழுவி வையுங்க."

மாமா கூண்டுகளை இறக்கினார். கழுவி வைத்தார். அடுத்த பதினைந்து நாளும் வலது வரிசையை ஏறெடுத்துப் பார்க்காமலே தீனி போட்டார்.