சிவப்புத் தார்ப்பாய்க்கு அடியில்

படம் எடுக்கும் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. கேட்கிறவர்களிடம் அவரவர் கதை ஒன்று தயாராக இருக்கும். ஒருவருக்கு மகள் பிறந்த அன்று பிடித்ததாம். இன்னொருவருக்கு ஒகேனக்கல்லில் வெள்ளம் பார்க்கப் போன இடத்தில் பிடித்ததாம். எனக்குப் பிடித்தது ஒரு தார்ப்பாயால். சொன்னால் சிரிப்பார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, மீதிக் கதையைச் சொல்லாமல் நழுவிவிடுவேன். இங்கே அந்த மீதியையும் எழுதப் பார்க்கிறேன்.

பாலக்கோட்டில் ஒரு தக்காளி மண்டியில் எனக்கு வேலை. விடியும்போதே டிராக்டரிலும் மினி லாரியிலும் சரக்கு வந்து இறங்கும். தக்காளி நிரப்பிய பிளாஸ்டிக் பெட்டிகளை, அதாவது கிரேட்டுகளை, வரிசையாக அடுக்கியதும், போனில் படம் எடுத்து வெளியூர் வியாபாரிகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவது என் பொறுப்பு. அவர்கள் பார்த்துவிட்டுக் கட்டைவிரல் பொம்மை ஒன்றை அனுப்பினால் சரக்கு லாரி ஏறும். தூரம் போகிற லாரிக்குச் செங்காய்தான் வேண்டும். பாதி பச்சையும் பாதி சிவப்புமாக, கெட்டியாக இருக்கும் காய். முழுப் பழத்தை ஏற்றினால் வழியிலேயே கூழாகிவிடும்.

ஆயிரக்கணக்கில் எடுத்திருக்கிறேன். ஒன்றைக்கூட நின்று பார்த்ததில்லை. பஸ் கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதுபோல எடுப்பேன், அனுப்புவேன், அடுத்த வரிசைக்குப் போவேன். வெளிச்சம் என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. பகல் என்றால் வெளிச்சம், அவ்வளவுதான்.

அந்த ஐப்பசியில் தூறல் விடாமல் பிடித்துக்கொண்டது. மண்டி வாசலில் கட்டியிருந்த நீலத் தார்ப்பாய் ஒழுகத் தொடங்கியதால், முதலாளி புதிதாக ஒன்று வாங்கிவந்து கட்டச் சொன்னார். நல்ல சிவப்பு. கட்டிய மறுநாள் காலையில் மேகம் விலகி வெயில் வந்தது. நாலைந்து நாள் காணாமல் போயிருந்த வெயில் என்பதால் சுமை தூக்குகிறவர்கள்கூட ஒரு நிமிடம் முகத்தைத் தூக்கி அதில் காட்டிவிட்டுத்தான் வேலைக்குத் திரும்பினார்கள்.

அன்று மாரண்டஹள்ளிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் பன்னிரண்டு கிரேட் கொண்டுவந்திருந்தார். வீட்டில் கன்னடமும் வெளியே தமிழும் பேசுகிற குடும்பம். கணவர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட, அரை ஏக்கரில் தனியாகவே தக்காளி வைத்திருந்தார். அதுதான் முதல் பறிப்பு. ஒந்து, எரடு, மூரு என்று எண்ணிக்கொண்டே கிரேட்டுகளை இறக்கினார். பரீட்சையில் நன்றாக எழுதிவிட்டு வந்த பிள்ளையின் முகம் அவருக்கு. நான் படம் எடுத்து அனுப்பினேன். இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது. முழுப் பழம், வேண்டாம்.

முதலாளி என் போனைப் பார்த்தார். பிறகு எட்ட நின்றபடியே கிரேட்டுகளைப் பார்த்தார். தார்ப்பாய்க்கு அடியில் அவையும் செக்கச் செவேலென்றுதான் தெரிந்தன. சரக்கைத் தொட்டுப் பார்க்கிற பழக்கம் போன் வந்தபிறகு அவருக்கும் விட்டுப்போயிருந்தது. சுற்றிலும் இருபது பேர் நிற்க, "பழுத்துப்போனத எடுத்துக்கிட்டு வந்தா நான் அத எங்கம்மா அனுப்பறது?" என்று சத்தமாகக் கேட்டார். செங்காயாகப் பார்த்துத் தன் கையாலேயே நேற்றுச் சாயங்காலம் பறித்தது என்று அந்தப் பெண் சொன்னார். இரண்டு தரம் சொன்னார். பறிக்கும் பக்குவம் தெரியாதவர்கள் எல்லாம் தக்காளி போட வந்துவிட்டார்கள் என்று பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். அவர் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். பிறகு உள்ளூர்ச் சில்லறைக்காரர்கள் கேட்டதற்குத் தள்ளிவிட்டு, வெறும் கிரேட்டுகளோடு வண்டி ஏறினார்.

மதியம் அதே தார்ப்பாய்க்கு அடியில் உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன். தயிர்சோறு பீட்ரூட் பிசைந்தது மாதிரி இருந்தது. வீட்டுக்காரி எதையோ புதிதாகச் செய்து பார்த்திருக்கிறாள் என்று ஒரு வாய் போட்டேன். வெறும் தயிர்சோறுதான். டப்பாவோடு எழுந்து ரோட்டுக்கு வந்தேன். சோறு வெள்ளையாகிவிட்டது. திரும்பப் பந்தலுக்குள் போனேன், சிவந்தது. வெளியே வந்தேன், வெளுத்தது. எதிர் டீக்கடையில் இருந்தவர்கள் இவனுக்கு என்ன ஆயிற்று என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பெண்ணின் கிரேட்டிலிருந்து உருண்ட காய் ஒன்று சாக்குக்கு அடியில் கிடந்தது. அதை எடுத்து வெயிலில் பிடித்தேன். காம்புப் பக்கம் பச்சை, நுனியில் லேசான சிவப்பு. அசல் செங்காய். காலையில் அவற்றை வாங்கிப்போன சில்லறைக்காரர்களும் பந்தலைத் தாண்டியதும் இதைப் பார்த்திருப்பார்கள். பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பார்கள்.

அந்தப் பெண்ணை நினைத்தால் சங்கடமாக இருந்தது. அதே சமயம், சொல்லக் கூச்சமாக இருக்கிறது, சந்தோஷமாகவும் இருந்தது. அந்த ஒரே காயைத் தார்ப்பாய்க்கு அடியில் வைத்து ஒரு படம் எடுத்தேன். சுண்ணாம்புச் சுவர் ஓரம் ஒன்று, புளியமரத்து நிழலில் ஒன்று, நீல டிரம் பக்கத்தில் ஒன்று. ஒரே காய், படத்துக்குப் படம் வேறு வேறு காயாகப் பிறந்துகொண்டிருந்தது. நாற்பத்து மூன்று வயதில் முதன்முறையாகக் கண் திறந்தது போல இருந்தது. அன்று மத்தியானம் முழுக்க எந்தக் கிரேட் வந்தது, எது போனது என்று எனக்கு நினைவில்லை.

முதலாளியிடம் விஷயத்தைச் சொன்னேன். படங்களைப் பார்த்தார், தார்ப்பாயை அண்ணாந்து பார்த்தார். சாயங்காலமே அதை அவிழ்க்கச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, "போனது போச்சு. நீ போயி அந்தம்மாகிட்ட எதையாச்சும் ஒளறி வெக்காத" என்றார். எனக்கு அது வசதியாக இருந்தது.

அடுத்த பறிப்புக்கு அந்தப் பெண் எங்கள் மண்டிக்கு வரவில்லை. ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் உள்ள மண்டியில் இறக்கினார். நடுவில் ரோடு, ஒரு சாக்கடை, இரண்டு பைக். இருபது எட்டு வைத்தால் அவர் முன்னால் நின்றிருக்கலாம். "உங்க காய்மேல குத்தமில்லீங்க" என்று மூன்று சொல் சொன்னால் போதும். அந்த இருபது எட்டை வைக்காமல் நான் ஊரெல்லாம் சுற்றினேன், படம் எடுக்க.

அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில் நடந்தவை போலத்தான் இருக்கின்றன. கார்த்திகை மூடுபனியில் கரும்பு டிராக்டர்கள் முகம் தெரியாமல் வரும். முதலில் சத்தம் வரும், அப்புறம் இரண்டு மஞ்சள் விளக்கு, அதற்கும் அப்புறம்தான் வண்டி. கேழ்வரகுக் காட்டில் பனி இறங்கி நின்றிருக்கும்போது கதிர்கள் சாம்பல் நிறமாகவும், சூரியன் ஒரு முழம் ஏறியதும் தேன் நிறமாகவும் இருக்கும். தர்மபுரியில் கடையை மூடுகிற ஸ்டுடியோக்காரர் ஒருவரிடம் பழைய கேமரா ஒன்று வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வத்தல்மலை ஏறுவேன். கொண்டை ஊசி வளைவில் மேகம் ரோட்டைக் கடந்து போகும், நான் வண்டியை ஓரம் கட்டி அது போகட்டும் என்று வழிவிட்டு நிற்பேன். படம் எடுக்கவும் மறந்துபோகும். கடத்தூர் பஸ்ஸில் ஜன்னல் கண்ணாடியில் மழைத்துளி வழிவதைப் பார்த்துக்கொண்டே இறங்க வேண்டிய இடத்தை இரண்டு தரம் தாண்டிப் போயிருக்கிறேன்.

வீட்டுக்காரி கேலி செய்யாத நாளில்லை. வூட்டுல இருக்கற ஆளத் தவிர ஊருல இருக்கற கல்லு மண்ணெல்லாம் படம் புடிக்கறாரு என்று பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரித்தாள். தார்ப்பாய்க் கதையை அவளிடம் சொன்னபோது மட்டும் சிரிக்கவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று பழமொழியை என்மேல் போட்டுவிட்டு, அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். எனக்குக் கோபம் வந்தது. வெளிச்சத்தைப் பற்றி இவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

மன்னிப்புக் கேட்க வேண்டிய நேரத்தில் நான் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். இதை இன்று சுலபமாக எழுதிவிட முடிகிறது. அன்று அப்படித் தோன்றவில்லை. ஒரு தப்பைப் புரிந்துகொள்ள முயல்வதாகத்தான் நினைத்தேன். வெளிச்சத்தை முழுக்கக் கற்றுக்கொண்டால் அந்தக் காலை நேரமே சரியாகிவிடும் என்பது போல.

மார்கழியில் ஒரு நாள், பனி இன்னும் விலகாத நேரத்தில், எங்கள் வாசலில் நின்று எதிர் வரிசை மண்டிகளைப் படம் எடுத்தேன். ஆட்கள் எல்லாம் பனியில் பாதி கரைந்து அழகாக இருந்தார்கள். பிறகு கேமராத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோது அந்தப் பெண் தெரிந்தார். ஒரு கையில் சிறு கத்தி, மறு கையில் இரண்டாக அறுத்த தக்காளி. எதிரே நின்ற மண்டிக்காரரிடம் உள்ளே சதை கெட்டியாக இருப்பதைக் காட்டிக்கொண்டிருந்தார். காலடியில் அப்படி அறுத்த காய்கள் நாலைந்து கிடந்தன. மற்ற யாரும் அறுத்துக் காட்டவில்லை. அவர் மட்டும் ஒவ்வொரு கிரேட்டுக்கும் ஒரு காயை அறுத்துக் காட்ட வேண்டியிருந்தது. பழுத்ததைக் கொண்டுவருகிறவர் என்ற பேர் ரோட்டைத் தாண்டிப் போயிருந்தது. அந்தப் பேரை வைத்தவன் நான்.

இன்னும் ஒரு பறிப்போடு செடியைப் பிடுங்கிவிட்டு அவர் பெங்களூருக்குப் போகப்போகிறார் என்று சுமை தூக்குகிறவர் ஒருவர் சொன்னார். அதற்கு மேல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் பிடித்து, விசாரித்துக்கொண்டு அவர் காட்டுக்கே போனேன்.

குச்சி நட்டுச் சணல் கட்டிய வரிசைகளுக்கு நடுவில், முட்டளவு பனியில் நின்று அவர் பறித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். வாங்கண்ணா என்றார், ஆனால் கை நிற்கவில்லை. நான் வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்ததை ஒப்பித்தேன். அன்று உங்கள் காய் செங்காய்தான், புதுத் தார்ப்பாயின் சிவப்பு ஏறி படத்தில் பழமாகத் தெரிந்துவிட்டது, தப்பு எங்கள்மேல்தான், இதை மண்டியில் எல்லார் முன்னாலும் சொல்கிறேன் என்றேன்.

அவர் நம்பாததுபோலப் பார்த்தார். போனை எடுத்து அந்த ஒற்றைக் காயின் படங்களைக் காட்டினேன். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கி, ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். இது எல்லாமே ஒரே காயா என்று கேட்டார். அவர் முகத்தில் வந்த ஆச்சரியத்தைக் கண்டதும் எனக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. சிவப்புத் துணி வழியாக வருகிற வெயில் பச்சையை எப்படி விழுங்கிவிடுகிறது, கண்ணே எப்படி ஏமாந்துபோகிறது என்று விளக்கத் தொடங்கிவிட்டேன். காலையில் ஒரு வெளிச்சம், சாயங்காலம் ஒரு வெளிச்சம் என்று கையை ஆட்டி ஆட்டிப் பேசினேன். மன்னிப்புக் கேட்க வந்தவன் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். நான் மூச்சு விட்டதும் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"படம் பொய் சொல்லுச்சு, சரிங்கண்ணா. படம் எடுக்கறதுக்கு முந்தி நீங்க ஒரு காய எடுத்து அமுக்கிப் பாத்தீங்க. அது எப்படிங்க இருந்துச்சு?"

அது உண்மை. அன்று அடுக்கியிருந்த முதல் கிரேட்டிலிருந்து ஒரு காயை எடுத்துக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்திருந்தேன். பழைய பழக்கம். அதற்குப் பிறகுதான் படம் எடுத்தேன், பதில் வந்தது, முதலாளி கத்தினார், நான் பக்கத்திலேயே போனோடு நின்றேன். இதை முதலாளியிடம் சொல்லவில்லை, வீட்டில் சொல்லவில்லை. இவ்வளவு தூரம் எழுதிக்கொண்டு வந்ததிலும் சொல்லாமல்தான் வந்தேன்.

"கெட்டியாத்தாங்க இருந்துச்சு" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். கோபமாகத் தெரியவில்லை. இரண்டு மாதமாக ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளக் காத்திருந்தவர் போலத்தான் இருந்தது.

"அதச் சொல்லுவீங்கன்னுதாண்ணா அன்னிக்கு அத்தன நேரம் உங்க மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னேன்" என்று சொல்லிவிட்டு, கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனார்.