மிளகுத் தூசிக்குக் கட்டிய துண்டு

கொச்சி மட்டாஞ்சேரியில் இத்தனை வருடமாகியும் எனக்குப் பழகாதது அடைத்த கடைதான். எங்கோ ஒரு நாட்டில் யாரையாவது சுட்டால் இங்கே பஜார் அடைத்துவிடும். அந்த நாடு எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாதவர்கள்கூடப் படியில் உட்கார்ந்து அதைப் பற்றிச் சாயங்காலம்வரை வாதாடுவார்கள். பாதி போட்ட பலகைக்குப் பின்னாலிருந்து சாயா வந்துகொண்டே இருக்கும். நான் பிறந்த ரங்கூனில் அடைத்த கடை என்றால் பயம். அப்பாவின் துணிக்கடையை ராணுவ அரசு பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்ட அன்று, தெருவில் ஒருவரும் இருமக்கூட இல்லை. அறுபதுகளில் எங்களைக் கப்பலேற்றினார்கள். பர்மியரை மணந்த அக்கா மட்டும் அங்கேயே நின்றுவிட்டாள். சென்னையில் பிழைப்பு நிற்கவில்லை. அலைந்து வந்து இங்கே ஒரு மிளகுக் கிடங்கில் தரம் பார்ப்பவனானேன். தமிழ்நாட்டுச் சொந்தங்களுக்கு நான் பர்மாக்காரன், மட்டாஞ்சேரிக்கு அண்ணாச்சி.

எண்பத்தெட்டின் மழையோடு செய்தி வந்தது. ரங்கூனில் மாணவர்கள் ஜனநாயகம் கேட்டு வீதிக்கு வந்தார்கள், ராணுவம் சுட்டது. அக்காவின் கடிதங்கள் நின்றுபோயின. எங்கள் கிடங்குச் சுமைத் தொழிலாளர்களின் தலைவர் மூசாக்கா, என்னிடம் மட்டும் தமிழ் கலந்து பேசுபவர், சாயாக் கிளாசோடு வந்து நின்றார். மூசா இக்காதான் மூசாக்கா; இக்கா என்றால் இங்கே அண்ணன்.

"அண்ணாச்சி, நாளெ பர்மாவுக்கு வேண்டி நம்மட ஜாதை, ஊர்வலம். நீங்க முன்னால கொடி பிடிக்கணும். பேப்பர்க்காரனை வரச் சொல்லியாச்சு, படம் வரும்."

"நான் வரலை இக்கா."

"பேடியா?"

"பேடிதான், பயம்தான்."

அவருக்கு முகம் சுண்டிவிட்டது. இங்கே ஊர்வலத்தில் எடுத்த படம் பத்திரிகையில் வந்தால் வெட்டிச் சட்டம் போட்டு மாட்டுவார்கள். அந்தக் கௌரவத்தை நான் வேண்டாம் என்கிறேன் என்று நினைத்துவிட்டார். என் முகம் அச்சில் வந்து, அது எப்படியோ ரங்கூன் போய்ச் சேர்ந்து, அக்கா வீட்டுக் கதவை யாராவது தட்டினால் என்ன செய்வேன் என்று மெல்லச் சொன்னேன். கிளாசைக் கீழே வைத்தார். "அப்போ நீங்க படத்துல வேண்டாம், அண்ணாச்சி. ஒரு கோஷம் மட்டும் பர்மாப் பேச்சுல சொல்லித் தாங்க."

சொல்லிக் கொடுத்தேன். "தோ அயே." நம்முடைய காரியம் என்று அர்த்தம்.

மறுநாள் வேலை நின்றது. மிளகு புடைக்கும்போது தூசி ஏறாமலிருக்க எல்லோரும் மூக்கும் வாயும் மறையத் துண்டு கட்டியிருப்போம். வேலை முடிந்ததும் முதலில் அவிழ்ப்பது அதைத்தான். அன்று ஒருவரும் அவிழ்க்கவில்லை. "இனி என் பீவி வந்து நோக்கினாலும் ஆளை அறியாது," என்றார் மூசாக்கா, தன் துண்டுக்குள்ளிருந்து. நானும் கட்டியதை அப்படியே விட்டேன். ரங்கூனில் கணுக்காலுக்கு மேல் ஏற்றாத கைலியை அவர்களைப் போல மடித்துக் கட்டிக்கொண்டு வரிசையின் நடுவில் நுழைந்தேன்.

பஜார் முனையில் போலீஸ்காரர் மறித்தார். "எந்தாடோ முகம் மூடி? கொள்ளைக்காரோ?"

"குருமுளகுப் பொடி சாரே. அவிழ்த்தால் சார் தும்மும்," என்றார் மூசாக்கா.

அவர் சிரிப்பை மீசைக்குள் அடக்கி வழிவிட்டார். மூட்டையை ஏற்றும்போது ஒருவர் அழைக்க மற்றவர் ஏற்றுக் குரல் கொடுப்பார்களே, அதே ஏற்ற இறக்கத்தில் எழும்பியது: தோ அயே, தோ அயே. பிறகு நானும் கத்தினேன். எந்தக் குரல் என்னுடையது என்று எனக்கே கேட்கவில்லை.

பேப்பரில் படம் வந்தது, எல்லாம் துண்டு கட்டிய முகங்கள். மறுவருடம் அக்காவின் அஞ்சலட்டையும் வந்தது. நலம், அங்கே மழையா என்று கேட்டிருந்தாள். அவ்வளவுதான். மழைதான் என்று எழுதினேன்.

அந்தப் படம் கிடங்குச் சுவரில் சட்டத்துக்குள் இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் இதில் அண்ணாச்சி யார் என்று கேட்பார்கள். மூசாக்கா ஒருவரைக் காட்டுவார். நான் வேறொருவரைக் காட்டுவேன், அடுத்த முறை இன்னொருவரை. அத்தனை துண்டுகளுக்கு மேல் அத்தனை ஜோடிக் கண்கள்; என்னுடையவை எவை என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. எந்தக் கண்கள் இந்தத் தெருவைப் பார்க்கின்றன, எவை அக்கா வீட்டுக் கதவைப் பார்க்கின்றன என்று மட்டும் தேடிக்கொண்டிருக்கிறேன்.