பசைக்காரரின் கெட்டித் தண்ணீர்

ஒரு திரவம் ஓட எவ்வளவு தயங்குகிறது என்று அளப்பது பெயின்ட் ஆலையில் என் வேலை. அந்தத் தயக்கம் கூடுவதைத்தான் கெட்டியாவது என்கிறோம். பெயின்ட் கெட்டியாகும், ரத்தம் கெட்டியாகும், பாகு இறுகும், பனி அடரும்.

அப்பா அட்டைப்பெட்டி ஆலையில் பசை காய்ச்சினார். மாவுக்கரைசல் இறுகும் நேரத்தில் துடுப்பை நிறுத்தினால் கட்டி விழும், அடி பிடிக்கும். அவர் நிறுத்தியதே இல்லை. வீட்டில், சர்க்கரை கரைந்த பிறகும் டீயைக் கலக்குவார். உட்கார்ந்தால் கால் ஆடும். ஆலையில் அவர் பெயர் காற்றாடி.

பக்கவாதம் வந்தது. வலக்கை விழுந்தது, நாக்குத் தடித்தது. வெறும் தண்ணீர் நுரையீரலுக்குள் போய்விடுகிறது, ஒரு மாவைக் கலந்து கெட்டியாக்கிக் கொடுங்கள் என்றார் மருத்துவர். சாயங்காலத்துக்குள் குடிக்காவிட்டால் மீண்டும் மூக்கில் குழாய். முதல் குழாயை அப்பா பிடுங்கி எறிந்திருந்தார். இந்த முறை கையைக் கட்டிலோடு கட்டுவார்கள்.

கலக்கிவிட்டுத் தொடாமல் வைக்கவும் என்றது டப்பா. கலக்கி வைத்தேன். அப்பா இடக்கையால் கரண்டியைப் பறித்துக் கலக்கினார்.

"தண்ணியா இருக்கு. போடு."

எனக்கும் பொறுக்கவில்லை. இன்னொரு கரண்டி மாவு போட்டேன். கொஞ்ச நேரத்தில் டம்ளரில் கரண்டி நட்டுக்கொண்டு நின்றது.

"இதுல பெட்டிதான் ஒட்டலாம்," என்றாள் அக்கா. "அப்பனும் பொண்ணும் சேர்ந்து ஒரு டம்ளர் தண்ணிய உருப்படியா கலக்க முடியல!"

அடுத்த டம்ளரும் அப்படியே போயிற்று. ஜன்னலில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. மூன்றாவதைக் கலக்கி வைத்தேன்; அப்பா மறுபடி கரண்டியைப் பறித்தார்.

"அப்பா, இதுக்கு அடுப்பு இல்ல. அடி பிடிக்காது. விடுங்க."

"கட்டி விழும்."

"விழுந்தா நான் குடிக்கிறேன்."

கரண்டியைக் கொடுத்தார். வெறுங்கை போர்வைமேல் கொஞ்ச நேரம் சுற்றியது. பிறகு நின்றது.

"இப்பவா?"

"இருங்கப்பா."

"இப்ப?"

ஊட்டினேன். இருமல் வரவில்லை. முகத்தைச் சுளித்தார்.

"பசைதான்," என்றார். "நல்ல பசை."

குழாய் வரவில்லை. குளிர்காலம் வரை அப்படித்தான் குடித்தார்.

அவர் போன காலையில், இடக்கை போர்வைமேல் அசையாமல் கிடந்தது. நான் டம்ளரோடு பக்கத்தில் நின்றேன். எங்கோ கரண்டிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அக்கா வந்து என் கையைப் பிடித்தாள். சத்தம் நின்றது.