குழாயோடு போன இரண்டு கோடுகள்

பன்னிரண்டு வருஷமாகக் குழாயோடு நடப்பதுதான் அவளுக்கு உத்தியோகம். ஊர்த் தொட்டியிலிருந்து ஆற்றங்கரைப் பம்பு ஹவுஸ் வரை ஒன்பது கிலோமீட்டர். அந்த இரும்புக் குழாயை ஒட்டியே போய், எங்கே ஒழுகுகிறது, எந்த இணைப்பு துருவேறிக் கிடக்கிறது, எவன் ஓட்டை போட்டுத் தண்ணீர் திருடுகிறான் என்று தினமும் பார்த்துச் சொல்ல வேண்டும். தெருவில் அவளுக்குப் பேரே குழாயக்காதான். வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் ரோட்டில். ஒரே மகள் வெளியூரில் நர்ஸ் படிப்பு. வீட்டில் பேச ஆளில்லாத பேச்சையெல்லாம் குழாயிடம் பேசுவாள். காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு பாடவும் செய்வாள். முணுமுணுப்பு என்று நினைத்துவிடாதீர்கள், தொண்டை கிழியப் பாடுவாள். அந்தப் பொட்டல் வெளியில் கேட்பதற்கு யார் இருக்கிறார்கள்?

தனியாக யாரும் குழாயோடு போகக்கூடாது என்பது ஆபீஸ் சட்டம். ஒருத்தர் விழுந்தால் தூக்கிவிட இன்னொருத்தர் வேண்டுமாம். அவளுக்கு வாய்த்த ஜோடி முடுக்கி. கண்ணில் பட்ட எதையும் முடுக்காமல் விடமாட்டார், அதனால் அந்தப் பேர். அவர் மூடிய பாட்டிலைத் திறக்க அவர் பெண்டாட்டி பக்கத்து வீட்டுக்குப் போக வேண்டும். அவளைவிட நாலு வயசு மூத்தவர். அண்ணே என்பாள், அவர் பெண்டாட்டியை அண்ணி என்பாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆபீஸ் ஆளுக்கொரு ஃபோன் கொடுத்து, அதில் ஒரு ஆப்பையும் ஏற்றிக் கொடுத்தது. ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தால் போதும், போன வழியெல்லாம் வரைபடத்தில் நீலக் கோடாக விழும். மேற்பார்வையாளர் ஏசி அறையில் உட்கார்ந்து கோட்டை மட்டும் பார்ப்பார். கோடு வந்தால் ஆள் வந்தாச்சு, அவ்வளவுதான்.

அதற்கப்புறம்தான் இருவருக்கும் அந்தக் குறுக்குப் புத்தி வந்தது. அவளுக்கு முட்டி வலி, அவருக்கு இடுப்பு வலி. ஒரு நாள் அவள், ஒரு நாள் அவர் என்று பேசி வைத்துக்கொண்டார்கள். நடக்கிறவர் கையில் இரண்டு ஃபோனும். இதிலும் ஒரு நுணுக்கம் பழகியிருந்தார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் கிளம்பினால் சந்தேகம் வரும், அதனால் இரண்டாவது ஃபோனை ஐந்து நிமிஷம் கழித்து, தொட்டியின் மறுபக்கத்தில் நின்று ஆரம்பிப்பார்கள். எட்டு மாதமாக ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது.

அன்றைக்கு அவள் முறை. பத்தரைக்குக் கிளம்பி, இரண்டு பத்துக்குப் பம்பு ஹவுஸ் வந்து, இரண்டு ஃபோனிலும் 'முடிந்தது' என்று அழுத்தினாள். இரண்டிலும் பச்சை டிக். படியில் உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது அவர் ஃபோன் அடித்தது. திரையில் 'வீடு' என்று இருந்தது. அவர்தான் பேசுகிறார் என்று எடுத்தாள்.

"அவர்கிட்ட குடும்மா," என்றாள் அண்ணி.

"அண்ணன் வீட்லதானே இருக்காரு?"

இல்லையே என்றாள் அண்ணி. காலையில் ஒன்பது மணிக்குப் பெரிய ஸ்பேனரை எடுத்துக்கொண்டு சைக்கிளில் போனாராம். ஒரு மணி நேரத்தில் வருகிறேன் என்றாராம். வரவில்லை என்றதும், மனசு கேட்காமல் உன்கூடவே நடக்கப் போயிருப்பார் என்று நினைத்தேனே என்றாள். விசாரித்துச் சொல்கிறேன் என்று இவள் எதையோ சொல்லி ஃபோனை வைத்தாள்.

ஸ்பேனரோடு போன மனுஷன் வேறெங்கே போவார்? குழாய்க்குத்தான். ஆனால் ஒன்பது கிலோமீட்டரையும் இப்போதுதானே நடந்து வந்தாள், ஒரு குருவியைக் கூடப் பார்க்கவில்லையே. அவர் ஃபோனில் பழைய நாட்களின் கோடுகளை ஒவ்வொன்றாகத் திறந்தாள். அவள் நடந்த நாட்களில் கோடு நேராகப் போனது. அவர் நடந்த நாட்களில் மூன்றாவது கிலோமீட்டர் தாண்டியதும் இடது பக்கம் ஒரு முள் மாதிரி விலகி, ஓரிடத்தில் கசங்கி, மறுபடி வழிக்கு வந்தது. எல்லா நாளும் அதே இடம். எட்டு மாதமாக அந்த மனுஷனின் ஃபோனைச் சுமந்தவள், ஒரு தடவை கூட அவர் கோட்டைப் பார்த்ததில்லை.

அப்போதுதான் பழைய வால்வு ஞாபகம் வந்தது. முள்புதருக்குள் ஒரு ஆழமான குழி, இரும்பு மூடி, அடியில் ஒரு வால்வு. ஆபீஸ் அதை வரைபடத்திலிருந்தே எடுத்துவிட்டது. "வரைபடத்துலேருந்து எடுத்துட்டாங்க, தண்ணிக்குச் சொல்லிட்டாங்களா?" என்று அவர் ஒரு நாள் கேட்டதும், உங்களுக்கு வேற வேலையே இல்லையாண்ணே என்று இவள் சிரித்ததும் நினைவுக்கு வந்தது. வால்வு இன்னும் குழாயோடுதான் இணைந்திருக்கிறது. அதைப் பிரித்துப் போட்டுவிட்டு அவர் உள்ளே கிடந்தால், பம்பு ஓடியதும் குழி நிறைந்துவிடும். பம்பு ஓடுவது மூன்று மணிக்கு. இப்போது இரண்டரை.

பம்பு ஆபரேட்டரிடம் ஓடினாள். சார் சொல்லாமல் சுவிட்சை நிறுத்தி வைக்க முடியாது, என் தலை போய்விடும் என்று கையை விரித்தார். மேற்பார்வையாளரைக் கூப்பிட வேண்டும். விரல் எண்ணின் மேலேயே நின்றது. சொன்னால் இரண்டு பேர் வேலையும் போகும், மகள் படிப்பு பாதியில் நிற்கும். ஒருவேளை வழியில் யாரோடாவது பேசிக்கொண்டு நிற்கிறாரோ, பத்து நிமிஷம் பார்க்கலாமே என்று தோன்றியது. பார்த்தாள். அந்தப் பத்து நிமிஷத்தை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குச் சோறு இறங்காது.

கூப்பிட்டதும் முதலில் பொய்தான் வாயில் வந்தது. அண்ணன் கூடவே வந்தார் சார், திரும்பிப் போனவரைக் காணோம் என்றாள். மேற்பார்வையாளர் சிரித்தார். அவர் கோடு என் கண்ணெதிரே இருக்கிறது, பம்பு ஹவுஸில் முடிந்திருக்கிறது, அங்கேதான் எங்கேயாவது படுத்துத் தூங்குவார், போய்ப் பாரம்மா என்றார். எட்டு மாதமாக அவ்வளவு பக்குவமாகச் செய்த பொய், இப்போது அவளே ஆளைக் காணோம் என்றாலும் கலைய மாட்டேன் என்கிறது.

"சார், அந்தக் கோடு நான் நடந்தது. ரெண்டு ஃபோனும் என்கிட்டதான் இருக்கு. அவரு குழிக்குள்ள கிடக்காரு சார். பம்பை நிறுத்துங்க, அப்புறம் என்னை என்ன வேணா பண்ணுங்க."

"ஆபரேட்டர்கிட்ட குடு," என்றார் மேற்பார்வையாளர்.

பம்பு ஹவுஸ் வாட்ச்மேனின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போனாள். வாட்ச்மேன் என்னென்னமோ ஆறுதல் சொன்னார், ஒன்றும் காதில் ஏறவில்லை. ஆள் இல்லாமல் போயிருந்தால் அண்ணி முகத்தில் எப்படி விழிப்பேன் என்பது ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. வண்டியைப் போட்டுவிட்டு முள்ளுக்குள் ஓடினார்கள். சைக்கிள் கிடந்தது. அதற்கு அப்பால் மூடி, மூடியபடியே இருந்தது.

இரண்டு பேராகத் தூக்கினார்கள். உள்ளே முழங்கால் அளவு தண்ணீரில் அவர் சுவரோடு சாய்ந்து நின்றார். இறங்கும்போது மூடி நழுவி மேலே மூடிக்கொள்ள, கீழே விழுந்ததில் கணுக்கால் உடைந்திருந்தது, உதடு வெளுத்திருந்தது. வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கி மேலே பார்த்தார்.

"பம்பு?"

"நிறுத்தியாச்சுண்ணே."

அப்போதுதான் அவர் அழுதார். அவளுக்கும் அப்போதுதான் அழுகை வந்தது.

இருவருக்கும் மூன்று மாதம் சஸ்பெண்ட். வேலை தப்பியதே மேற்பார்வையாளர் புண்ணியம். இனி ஒரே ஜோடியாக அனுப்ப மாட்டோம் என்று எழுதியும் கொடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் அவர் காலில் கட்டோடு படுத்திருந்தார். அவள் அருகே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அவர் ஃபோனை எடுத்து அன்றைய கோட்டைத் திறந்தார். அது இன்னும் அழிக்கப்படாமல், பச்சை டிக்கோடு இருந்தது. குழி இருக்கிற இடத்தில் விரலை வைத்துவிட்டு, கோட்டின் மேல் நகர்த்தினார். இடையில் நகக்கண் அளவுதான்.

"முந்தின நாளே ஒழுகுச்சு, கையில சரியான ஸ்பேனர் இல்ல. அதான் மறுநாள் போனேன். மாட்டினதும் நான் பயப்படலை தங்கச்சி. பதினொன்றரைக்கு நீ இந்தப் பக்கம் வருவேன்னு தெரியும்ல. காத்துக்கிட்டு இருந்தேன். வந்தே. பாட்டு முழுசாக் கேட்டுச்சு. கத்துனேன், குழாயில ஸ்பேனரால தட்டுனேன். பாட்டு அப்படியே தூரமாப் போயிடுச்சு. அப்புறம்தான் பயம்." அவளைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு, "நல்லாத்தான் பாடுற," என்றார்.

அவள் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டாள்.

இப்போது புது ஜோடியோடு, அவரவர் ஃபோனை அவரவரே வைத்துக்கொண்டு நடக்கிறாள். இயர்போனைத் தூக்கிப் போட்டுவிட்டாள், பாட்டும் இல்லை. அந்தக் குழியின் மூடியை ஆபீஸ் வெல்டிங் வைத்தே அடைத்துவிட்டது, இனி யாரும் இறங்க முடியாது என்று அவளுக்கும் தெரியும். ஆனாலும் மூன்றாவது கிலோமீட்டர் தாண்டியதும் ஜோடியை நிற்கச் சொல்லிவிட்டு இடது பக்கம் ஒதுங்குகிறாள். முள்ளை விலக்கி, மண்டி போட்டு, அந்த இரும்பு மூடியில் காதை வைத்துக் கேட்டுவிட்டுத்தான் வழிக்கு வருகிறாள்.