பூரோங் சத்துவின் வால்

உலகத்திலேயே ஒன்றே ஒன்றுதான் இருந்தது அந்த விமானம். கேட்கப் பெருமையாக இருக்கும். இரண்டாவதைக் கட்டி முடிப்பதற்குள் முதலாவது விழுந்துவிட்டது என்பதுதான் அதன் அர்த்தம். மலாய்மொழியில் 'பூரோங் சத்து' என்று பெயர் வைத்திருந்தார்கள், பறவை நம்பர் ஒன்று. செனாய் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகையில் ஆறு பேர் சேர்ந்து நான்கு வருடம் செய்தது. இரண்டு பேர் உட்காரலாம். பக்கவாட்டில் பார்த்தால் முருங்கைக்காய்க்கு இறக்கை முளைத்த மாதிரி இருக்கும். பதினோரு முறை பறந்து பத்திரமாக இறங்கியது. பன்னிரண்டாவது முறை செம்பனைத் தோட்டத்தில் இறங்கியது. பத்திரமாக இல்லை.

அந்த ஆறு பேரில் ஒருவர் ஹேமநாதன். கூலாய்ப் பக்கம் தோட்டத்தில் பிறந்தவர். மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடமும் அவரும் ஒருவரையொருவர் கைவிட்டார்கள். மோட்டார் சைக்கிள் பட்டறை, அப்புறம் லாரிப் பட்டறை, அப்புறம் இந்தக் கொட்டகை. சொந்தக்காரர்களிடம் பிளேன் செய்கிறேன் என்றால் சிரித்தார்கள். ஒரு கல்யாணப் பந்தியில் மைத்துனன் ஒருவன் பேப்பரில் பிளேன் மடித்து அவர் இலைமேல் விட்டான். ஹேமநாதன் கோபப்படவில்லை. அதை எடுத்து, மூக்கை இன்னும் கொஞ்சம் மடித்து, திருப்பி விட்டார். நேராகப் போய் மைத்துனனின் ரசத்தில் இறங்கியது. அப்போதெல்லாம் அப்படி விளையாடக்கூடிய ஆளாகத்தான் இருந்தார்.

அவர் செய்த தப்பைச் சொல்லிவிட வேண்டும். பதினாறு வருடமாக அவர் யாரிடமும் சொல்லாததும் அதுதான்.

ஆயுத பூஜை அன்று கொட்டகையில் எல்லாச் சாமான்களையும் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சரஸ்வதி படத்துக்கு முன்னால் அடுக்கினார்கள். ஸ்பேனர், குறடு, சுத்தியல், எல்லாம். விமானத்தின் மூக்கிலும் பட்டையாகச் சந்தனம். மறுநாள் காலை மறுபூஜை முடிந்து கற்பூரம் காட்டிய பிறகுதான் எதையும் கையில் எடுக்கலாம். அன்று பூஜை முடிந்து கொண்டைக்கடலை தின்றுகொண்டிருந்த நேரத்தில் முதலாளி வேலைப் பதிவுப் புத்தகத்தோடு வந்தார். வாலில் உள்ள தட்டை மேலும் கீழும் ஆட்டுவதற்கு ஒரு கம்பி உண்டு. அதைக் கழற்றி எண்ணெய் போட்டிருந்தார்கள். மாட்டி முடித்ததாகக் கையெழுத்து வேண்டும், வாரக் கடைசியில் பெரிய ஆட்கள் பார்க்க வருகிறார்கள் என்றார்.

ஹேமநாதன் கம்பியை வைத்து போல்ட்டைச் செருகினார். நட்டை விரலால் முறுக்கினார், விரல் எவ்வளவு முறுக்குமோ அவ்வளவு. நட்டு கழன்றுவிடாமல் இருக்க போல்ட்டின் குறுக்கே ஒரு பின் செருகி, குறடால் மடக்க வேண்டும். குறடு சாமி முன்னால் இருந்தது. காலையில் வந்ததும் முதல் வேலை இதுதான் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு ஹேமநாதன் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டார்; கூட்டாளி ஒருவர் வாலின் மூடித் தட்டை வைத்து, திருகாணிகளைக் காசால் முறுக்கி மூடிவிட்டார்.

மறுநாள் ஏழு மணிக்கெல்லாம் லக்ஷ்மன் வந்துவிட்டார். அவர்தான் விமானி. வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கிறது, மத்தியானம் புகைமூட்டம் வந்துவிடும் என்று சொல்லி எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஏழே முக்காலுக்கு ஹேமநாதன் வந்தபோது கொட்டகை காலியாக இருந்தது. சரஸ்வதி முன்னால் ஸ்பேனர்கள் மட்டும் வரிசையாக இருந்தன.

விசாரிக்க வந்தவர் அந்தப் பின்னைப் போட்டாயா என்று கேட்டார். போட்டேன் என்றார் ஹேமநாதன். புத்தகமும் அதையே சொன்னது. விமானி தாழப் பறந்து வித்தை காட்டப் போய் விழுந்து இறந்தார் என்று, வாலைத் திறந்துகூடப் பார்க்காமல், மூன்று பக்கத்தில் எழுதி முடித்தார்கள். ஹேமநாதனும் அதையே நம்ப முயற்சி செய்தார். நட்டு தாங்கியிருக்கலாம், லக்ஷ்மனுக்கும் கொஞ்சம் துடுக்குத்தனம் உண்டுதானே. திங்கட்கிழமை நம்புவார், செவ்வாய்க்கிழமை நம்பமாட்டார். இப்படியே அறுபத்தோரு வயது வந்துவிட்டது. இப்போது ஸ்கூடாயில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் தண்ணீர்ப் பம்பு பார்க்கிறார். அங்கே எந்த நட்டையும் மூன்று தடவை முறுக்காமல் விடமாட்டார். பம்பு அறைக்குள் போன மனிதர் தூங்கிவிட்டார் என்று வாட்ச்மேன் சொல்லிச் சிரிப்பான்.

போன மாசி மாதம் அந்தப் பம்பு அறை வாசலுக்கு ஞானேஸ்வரி டீச்சர் வந்து நின்றார். லக்ஷ்மனின் அக்கா. ஓய்வுபெற்ற பள்ளிக்கூடத்து ஆசிரியை, எழுபதை நெருங்குபவர். தம்பி சீருடையில் இருந்த படத்தை, அறிக்கை வந்த அன்றைக்கே அம்மா கழற்றி அலமாரியில் போட்டுவிட்டாராம். விளையாடிச் செத்தவனுக்கு மாலை எதற்கு என்றாராம். அந்த அம்மா தை மாதம் இறந்துபோனார். படம் இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது.

"அவன் விளையாடினானோ இல்லையோ, எனக்குத் தெரிய வேணும்," என்றார் டீச்சர். "அந்தப் பிளேன் எங்க போச்சுதெண்டு ஒருத்தருக்கும் தெரியேல்ல. நீங்கள்தான் அதில கை வச்ச ஆள், ஹேமநாதன்."

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட. ஆனால் அவர் வாயில் வந்தது, "தேடிப் பாக்கலாம் டீச்சர்."

டீச்சரின் மைவி காரில் மூன்று ஞாயிற்றுக்கிழமை தேடினார்கள். கொட்டகை இருந்த இடத்தில் இப்போது டயர்க் கடை. மிச்சத்தையெல்லாம் ஸ்கூடாயில் ஒரு தனியார் தொழிற்கல்லூரி பாடத்துக்காக வாங்கியதாகக் கடைக்காரர் சொன்னார். கல்லூரியை மூடி ஆறு வருடம். அதன் பழைய காவலாளி கூலாயில் ஒரு இரும்புக் கடையைக் கை காட்டினார். இரும்புக் கடைச் சீனர் சிரித்துக்கொண்டே, இறக்கையெல்லாம் என்றைக்கோ உருக்கியாகிவிட்டது, இந்நேரம் யார் வீட்டிலாவது சோற்றுப்பானையாக இருக்கும் என்றார். டீச்சர் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்ததும் அவர் முகம் மாறி, வால் மட்டும் முழுசாகப் போனது, உலு திராமில் ஒரு தமிழர் வாங்கினார் என்று போன் நம்பர் எழுதிக் கொடுத்தார்.

ஒவ்வொரு இடத்திலும் இல்லை என்று கேட்கும்போது ஹேமநாதனுக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி வரும். அந்த நிம்மதி வந்ததற்காக அன்றைக்குச் சோறு இறங்காது. மனைவி செல்லம், இவர் குழம்பைக் குறை சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு புளியைக் குறைத்தாள், கூட்டினாள், கடைசியில் சண்டை போட்டாள்.

உலு திராமில் வாலை வாங்கியவர் பெயர் காளிதாஸ். கோழி வளர்ப்பவர். கோழிகள் ஏறி உட்கார மரக்கட்டை வைப்பதற்குப் பதிலாக விமானத்தின் வாலை வைத்திருந்தார். வெள்ளைப் பெயிண்டுமேல் எச்சம் வழிந்திருந்தது. நம்பரில் பாதி தெரிந்தது. ஹேமநாதன் கிட்டப் போய் நின்றார். அவர் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கிய தகடு.

"நல்ல சாமான்ணே," என்றார் காளிதாஸ். "பாம்பு ஏறாது. ஆனா கோழி குதிச்சா உள்ளுக்குள்ள என்னவோ கலகலன்னு உருளும். நான் ஒடைச்சுப் பாக்கல."

ஹேமநாதன் காளிதாஸிடம் ஸ்பேனர் இருக்கிறதா, திருப்புளி இருக்கிறதா என்று கேட்டு வாங்கினார். திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். அன்றைக்கு மூடியதுக்கு அப்புறம் யாரும் திறக்காத மூடித் தட்டு அது. திறந்ததும் கோழித் தூசி கிளம்பியது. கையை உள்ளே விட்டார். அடியில், ஒரு மூலையில், விரலுக்கு முதலில் தட்டுப்பட்டது போல்ட்டு. அப்புறம் நட்டு.

வெளியே எடுக்காமலேயே தெரிந்துவிட்டது. விழுந்த அடியில் பிய்ந்திருந்தால் போல்ட்டு வளைந்திருக்கும், திருகு மரை சிதைந்திருக்கும். இது நேராக இருந்தது. மரை புதுசு மாதிரி விரலைக் கடித்தது. குறுக்கே பின் போகும் ஓட்டையைக் கட்டைவிரல் நகத்தால் தடவினார். வெறும் ஓட்டை. ஆகாயத்தில் கழன்று, சாவகாசமாக உருண்டு வந்து இந்த மூலையில் படுத்திருக்கிறது. லக்ஷ்மன் வாலை ஆட்டும் குச்சியை இழுத்திருப்பார். இழுத்து இழுத்துப் பார்த்திருப்பார். வால் கேட்டிருக்காது.

கை இன்னும் உள்ளேதான் இருந்தது. காளிதாஸுக்கு இதில் ஒன்றும் புரியாது. டீச்சருக்கும் புரியாது. ஒன்றுமில்லை டீச்சர், கல்லு என்று சொன்னால் போதும்.

"என்ன இருக்கு?" என்று பின்னாலிருந்து டீச்சர் கேட்டார்.

ஹேமநாதன் கையை வெளியே எடுத்து, விரித்துக் காட்டினார்.

கோழிகளுக்கு நடுவே நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். பூஜை, புத்தகம், விரலால் முறுக்கிய நட்டு, போட்டேன் என்று சொன்ன பொய். காளிதாஸ் ஏதோ வேலை இருக்கிற மாதிரி தீவன மூட்டைப் பக்கம் போய்விட்டார். சொல்லி முடித்ததும் டீச்சர் அந்தப் போல்ட்டைப் பார்த்துக் கேட்டார்.

"ஒரு குறடு எடுத்திருந்தால் சரஸ்வதி உங்களை என்ன செய்திருப்பா?"

"ஒண்ணும் செஞ்சிருக்காது, டீச்சர்."

"பொய் சொன்னதுக்கு?"

ஹேமநாதன் போல்ட்டையும் நட்டையும் கைக்குட்டையில் முடிந்தார்.

"அம்மா பதினாறு வருசம் அவனைத் திட்டிக்கொண்டே இருந்தவ," என்றார் டீச்சர். குரல் உயரவே இல்லை. வகுப்பில் வருகை எடுப்பது போல் இருந்தது. "சாகிற அண்டைக்கும் திட்டினவ. காரில ஏறுங்கோ."

நேராகப் போலீஸ் நிலையத்துக்குப் போனார்கள்.  கவுண்டரில் இருந்த மலாய்ப் போலீஸ்காரர் சின்ன வயசு. பதினாறு வருடத்துக்கு முந்தியதை எந்தப் பிரிவில் போடுவது என்று தெரியாமல் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து தட்டச்சு செய்தார். ஹேமநாதன் மலாயில் சொல்லச் சொல்ல, 'நட்' என்பதற்கு இரண்டு தடவை எழுத்துக் கேட்டார். கடைசியில், அப்படியானால் தவறு யாருடையது என்றார்.

"சாயா," என்றார் ஹேமநாதன். நான்தான்.

டீச்சர் புகாரின் நகலை வாங்கி, நின்றபடியே முதலிலிருந்து கடைசிவரை படித்தார். ஒரு இடத்தில் தம்பியின் பெயரில் எழுத்து விட்டுப்போயிருந்தது. திருத்தச் சொல்லி, புது நகல் வாங்கி, நான்காக மடித்துக் கைப்பையில் வைத்தார். வாசல்வரை போனவர் நின்று, போனை எடுத்துச் செல்லத்தின் நம்பரைக் கேட்டார். ஹேமநாதன் சொன்னார்.

"உங்கட வீட்டுக்காரர் உலு திராம் போலீஸ் நிலையத்தில இருக்கிறார்," என்றார் போனில். "தனியா விடாதேங்கோ. வந்து கூட்டிக்கொண்டு போங்கோ." அவ்வளவுதான். ஹேமநாதன் பக்கம் திரும்பிப் பார்க்காமல் காருக்குப் போனார்.

இனி என்ன என்று ஹேமநாதன் போலீஸ்காரரிடம் கேட்டார். மேலதிகாரிக்கு அனுப்புவோம், கூப்பிட்டால் வரவேண்டும், கூப்பிடாமலும் போகலாம் என்றார் அவர். போல்ட்டையும் நட்டையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு மேஜை இழுப்பறைக்குள் வைத்து மூடினார். ஹேமநாதன் பெஞ்சியில் உட்கார்ந்தார். போகச் சொல்லவும் ஆள் இல்லை, இருக்கச் சொல்லவும் ஆள் இல்லை. செல்லம் பஸ் பிடித்து வர எப்படியும் ஒன்றரை மணிநேரம் ஆகும். வந்ததும் அவளிடம் முதலில் எங்கிருந்து சொல்ல ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தார்.