தொலையாத சீட்டு

அந்தச் சீட்டை ரேவதி தொலைக்கவில்லை. நான்தான் ஒளித்து வைத்தேன்.

சொல்லிவிட்டேன்! மூன்று வருடத்துக்கும் மேலாகத் தொண்டையில் நின்றது இவ்வளவு சிறிய வாக்கியமா?

ஆம்பூருக்கு அருகே ஒரு ஷூ கம்பெனியில் முதலுதவி அறை நர்ஸ் நான். எல்லோருக்கும் 'சிஸ்டர்'. ரேவதி ஒட்டும் பிரிவில் இருந்தாள். தோலை ஒட்டும் பசையைச் சொல்யூஷன் என்பார்கள். அங்கே யாருக்குக் குமட்டினாலும் 'சொல்யூஷன் வாந்தி' என்று ஒரே பெயர். கர்ப்பிணி எடுத்தாலும் அதுதான், மஞ்சள் காமாலைக்காரி எடுத்தாலும் அதுதான்.

ஒட்டும் பிரிவுக்கு எக்ஸாஸ்ட் ஃபேன் வேண்டுமென்று மேனேஜரிடம் ஒரு வருடமாக மன்றாடிக்கொண்டிருந்தேன். நியாயமான சண்டை. அதற்காகவே ஒவ்வொரு வாந்தியையும் பசையின் தலையில் எழுதினேன்.

ரேவதிக்கு ஐந்து மாதம். வாந்தி நிற்கவில்லை, மேல்வயிறு எரிகிறது என்றாள். மசக்கை ஓய வேண்டிய மாதம்... எனக்குத் தெரியாதா? சுகாதார நிலையத்து டாக்டர் எழுதிய சீட்டைச் சாப்பாட்டு வேளையில் கொண்டுவந்து காட்டினாள். இரைப்பையில் கிருமி இருக்கிறதா என்று பார்க்க மலப் பரிசோதனை.

"இன்னா சிஸ்டர், இதெல்லாமா குடுக்கச் சொல்றாங்க?" என்று கூச்சத்தோடு கேட்டாள்.

"இது சொல்யூஷன் வாந்திம்மா. வேற டேபிளுக்கு மாத்தச் சொல்றேன், சரியாப் பூடும்."

மணி அடித்தது. ஓடினாள். சீட்டு என் மேசையிலேயே கிடந்தது. அதை டிராயருக்குள் தள்ளினேன்.

ஏன்? கிருமி என்று தெரிந்தால் மேனேஜர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். வீட்டுத் தண்ணீர், வீட்டுச் சோறு, கம்பெனிக்கு என்ன சம்பந்தம் என்பார். ஊருக்கு நல்லது செய்யக் கிளம்பியவள் நான். அதற்கு ஒருத்தியின் வயிறு எனக்குச் சாட்சியாகத் தேவைப்பட்டது. என்ன நியாயம் இது!

நான்கைந்து நாள் கழித்துச் சீட்டைக் கேட்டு வந்தாள். அன்றைக்கே கொடுத்துவிட்டேனே என்றேன். பொய் சொல்வது எவ்வளவு எளிது, தெரியுமா உங்களுக்கு? அவள் தன் பையை உதறி உதறித் தேடினாள். மறுபடி எழுதித் தரக் கேட்டால் திட்டுவார்கள் என்று பயந்து போகாமலே இருந்துவிட்டாள்.

ஃபேன் வந்தது. எனக்குப் பாராட்டும் கிடைத்தது. ரேவதியின் வாந்தி நிற்கவில்லை.

எட்டாம் மாத ஸ்கேனில் குழந்தைக்கு மாதத்துக்கேற்ற வளர்ச்சி இல்லை என்றார்கள். வேலூரில் ஓர் ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போனேன். நல்லவள் அல்லவா நான்! அங்கே கிருமி இருப்பது தெரிந்தது. இரத்தமும் மிகவும் குறைந்திருந்தது. டாக்டரம்மா நிதானமாக விளக்கினார். இந்தக் கிருமி வாந்தியை நீட்டிக்கலாம், இரும்புச் சத்தைச் சேரவிடாமல் தடுக்கலாம், அதனால் கருவின் வளர்ச்சி குறையலாம். ஆனால் இதுதான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

லாம்... லாம்... அந்த இரண்டெழுத்தைத் தின்றுதான் நான் உயிர் வாழ்கிறேன். பசையும் காரணமாக இருக்கலாம். எதுவுமே காரணமில்லாமலும் இருக்கலாம். ஆனால், முன்பே தெரிந்திருந்தால் ஏதேனும் செய்திருக்கலாம் என்பதும் அதே இரண்டெழுத்தில்தானே முடிகிறது?

பெண் குழந்தை. ஒன்றரைக் கிலோ. வாரக்கணக்கில் கண்ணாடிப் பெட்டியில் கிடந்தது.

"ஒரு சீட்டைக் காபந்து பண்ணத் தெரியல, இவ புள்ளைய இன்னா காப்பாத்துவா" என்று மாமியார் வார்டு வாசலிலேயே சொன்னாள். ரேவதி தலைகுனிந்து நின்றாள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே... இரண்டுக்கும் நடுவில் பிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். வாயைத் திறந்தேனா? இல்லை. வேலை போய்விடும் என்ற பயமா? அதுகூட இல்லை. அவள் என்னைப் பார்க்கும் பார்வை மாறிவிடுமே என்ற பயம். அவ்வளவு அற்பம்!

குழந்தைக்கு இப்போது மூன்று வயது. எடையும் உயரமும் இன்னும் பின்தங்கியே இருக்கின்றன. ரேவதி மறுபடி வேலைக்கு வருகிறாள். கம்பெனியில் யார் கருவுற்றாலும் தேடிப் போய்ப் புத்தி சொல்கிறாள்.

"என்னை மாதிரி தொலைச்சிடாதீங்க. எந்தச் சீட்டா இருந்தாலும் சிஸ்டராண்ட குடுத்து வையுங்க. அவங்க பத்திரமா வச்சிருப்பாங்க."

கொடுக்கிறார்கள். நேற்றும் ஒருத்தி கொடுத்தாள். கை நீட்டி வாங்கிக்கொண்டேன்.